வயர்கார்டு டனல் எழுகிறது, ஆனால் இரு நெட்வொர்க்குகளும் ஒரு திசையில் மட்டுமே பேசிக்கொள்கின்றன

கேள்வி: கிளைவலை

வணக்கம். எங்கள் தலைமை அலுவலகத்தையும் கிளை அலுவலகத்தையும் ரூட்டர் அளவிலேயே வயர்கார்டு என்ற வி.பி.என். (இணையத்தின் ஊடாகக் குறியாக்கிய தனிவழி, அதாவது டனல்) மூலம் இணைக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஒவ்வொரு கணினியிலும் தனி மென்பொருள் நிறுவாமல், இரு பக்கத்துக் கணினிகளும் எதிர்ப்பக்கத்தை அதனதன் சொந்த முகவரியிலேயே அணுக வேண்டும் என்பதுதான் தேவை. அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தலைமை அலுவலகத்தில் ரூட்டர்ஓஎஸ் 7 ஓடும் மைக்ரோடிக் ரூட்டர் இருக்கிறது. இணைப்பு பி.பி.பி.ஓ.ஈ. (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை); நிலையான பொது முகவரி உண்டு. உள் நெட்வொர்க் 192.168.10.0/24. கிளையில் ஓப்பன்டபிள்யூஆர்டி நிறுவிய ரூட்டரும் அதனுடன் 4ஜி மோடமும் உள்ளன. அந்த ரூட்டருக்கு வெளிப்பக்கம் கிடைக்கும் முகவரி 100.72 என்று தொடங்குகிறது. உள் நெட்வொர்க் 192.168.20.0/24. டனலுக்குத் தலைமையில் 10.99.0.1, கிளையில் 10.99.0.2 என்று முகவரி கொடுத்திருக்கிறேன். தலைமை ரூட்டரில் கிளைக்கான பியரின் (டனலின் எதிர்முனை) அனுமதித்த முகவரிப் பட்டியலில் 10.99.0.2/32, 192.168.20.0/24 ஆகிய இரண்டும் உள்ளன. கிளை ரூட்டரில் 10.99.0.1/32, 192.168.10.0/24 ஆகியவற்றைக் கொடுத்து, அவற்றுக்கான ரூட்டை (தரவு செல்லும் வழி) தானே உருவாக்கும் தேர்வையும் இயக்கியிருக்கிறேன். கிளையில் வயர்கார்டு இன்டர்ஃபேஸ் ஏற்கெனவே இருந்த வேன் ஸோனில் (இணையப் பக்கத்துக்கான ஃபயர்வால் பிரிவு) சேர்க்கப்பட்டுள்ளது.

ஹேண்ட்ஷேக் இரு ரூட்டர்களிலும் தெரிகிறது. ரூட்டர்கள் ஒன்றையொன்று டனல் முகவரியில் பிங் (மறுமொழி வருகிறதா என்று பார்க்கும் சோதனை) செய்கின்றன. கிளைக் கணினிகளிலிருந்து தலைமையின் கோப்பு சர்வரான 192.168.10.5 திறக்கிறது. ஆனால் தலைமைக் கணினிகளிலிருந்து கிளையில் உள்ள எந்தக் கருவியையும் அணுக முடியவில்லை. இதைத் தவிர இரண்டு தொல்லைகள் இருக்கின்றன. கிளையிலிருந்து சர்வரின் கோப்புறைகளைப் பார்க்க முடிகிறதே தவிர, பெரிய கோப்பை நகலெடுக்கத் தொடங்கினால் சிறிது நேரத்தில் அப்படியே நின்றுவிடுகிறது. இரவு முழுவதும் யாரும் பயன்படுத்தாமல் இருந்த பிறகு, காலையில் கிளையிலிருந்து ஏதாவது ஒரு கோரிக்கை போகும்வரை தலைமை ரூட்டரால் கிளை ரூட்டரைப் பிங் செய்யவும் முடிவதில்லை.

இவை ஒரே காரணத்தின் விளைவுகளா, தனித்தனிக் கோளாறுகளா என்று தெரிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பதில்: பாக்கெட்தடம்

வணக்கம் நண்பரே. மூன்றும் தனித்தனிக் காரணங்கள் கொண்டவை. இவ்வளவு தெளிவாக விவரம் தந்திருப்பதால், முதலாவதற்கான விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

ஹேண்ட்ஷேக் நடந்தது என்றால் இரு ரூட்டர்களும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு சாவிகளைச் சரிபார்த்துக்கொண்டன என்று மட்டுமே பொருள். நெட்வொர்க்குகள் இணைந்துவிட்டன என்று அதிலிருந்து முடிவு செய்ய முடியாது. இணைப்பு முழுமையாக வேண்டுமானால், ஒரு பாக்கெட் (தரவுத் துண்டு) போகும் வழியிலும் அதற்கான மறுமொழி திரும்பும் வழியிலும் ரூட், ஃபயர்வால், நேட் (முகவரி மாற்றம்) ஆகிய மூன்றும் ஒவ்வொரு ரூட்டரிலும் இசைவாக இருக்க வேண்டும். எனவே அமைப்புப் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, ஒரே ஒரு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போய்ப் பாருங்கள்.

தலைமையில் உள்ள 192.168.10.23 என்ற கணினி, கிளையின் 192.168.20.7 என்ற பிரிண்டரைப் பிங் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாக்கெட் முதலில் கேட்வேயான தலைமை ரூட்டருக்கு, அதாவது 192.168.10.1க்கு வருகிறது. இங்கே ரூட்டர்ஓஎஸ்ஸின் இயல்பு ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: பியரில் அனுமதித்த முகவரிகளை எழுதினால், அந்த முகவரிகளுக்கான ரூட்டை அது தானாகச் சேர்ப்பதில்லை. ஓப்பன்டபிள்யூஆர்டியில் அதற்கென ஒரு தேர்வு இருப்பதாலும் அதை நீங்கள் இயக்கியிருப்பதாலும் கிளையில் ரூட் இருக்கிறது, தலைமையில் இல்லை. ஆகவே 192.168.20.7க்கான பாக்கெட், இயல்பு ரூட்டைப் பின்பற்றி இணையச் சேவையாளரை நோக்கிப் போய், தனியார் முகவரி என்பதால் அங்கே கைவிடப்படுகிறது. தலைமைக் கணினியில், பாக்கெட் கடக்கும் ரூட்டர்களை வரிசையாகக் காட்டும் ட்ரேஸ்ரூட் போட்டுப் பாருங்கள். இரண்டாம் வரியில் 10.99.0.2 வர வேண்டும். அதற்குப் பதிலாகச் சேவையாளரின் முகவரியோ வெறும் நட்சத்திரக் குறிகளோ வந்தால் நான் சொல்வது உறுதியாகிவிடும்.

அப்படியானால் கிளையிலிருந்து வரும் கோரிக்கைகளுக்கு மறுமொழி எப்படித் திரும்புகிறது என்ற கேள்வி எழும். வயர்கார்டு இன்டர்ஃபேஸை வேன் ஸோனில் வைத்திருக்கிறீர்கள். அந்த ஸோனில் மாஸ்கரேட் இயங்குவதால், கிளைக் கணினிகளின் பாக்கெட்டுகள் எல்லாம் 10.99.0.2 என்ற ஒரே முகவரியை அணிந்துகொண்டு தலைமைக்கு வருகின்றன. 10.99.0.2 தலைமை ரூட்டருக்கு நேரடியாகத் தெரிந்த முகவரி என்பதால் மறுமொழி சிக்கலின்றித் திரும்புகிறது. கோப்பு சர்வரின் பதிவேட்டைத் திறந்து பார்த்தால், கிளையில் யார் நுழைந்தாலும் 10.99.0.2 என்றே பதிவாகியிருக்கும். இல்லாத ரூட்டை மாஸ்கரேட் இவ்வளவு நாள் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

வேன் ஸோனில் இருப்பதன் மற்றொரு விளைவு, அங்கிருந்து லேனை, அதாவது உள் நெட்வொர்க்கை நோக்கி வரும் புதிய இணைப்புகள் மறுக்கப்படுவது. எனவே தலைமையில் ரூட்டைச் சேர்த்தாலும் கிளை ஃபயர்வால் தடுக்கும். இரண்டையும் மாற்ற வேண்டும். மாற்றும் வரிசையும் முக்கியம். முதலில் தலைமையில் 192.168.20.0/24க்கு வயர்கார்டு இன்டர்ஃபேஸைக் கேட்வேயாகக் கொண்டு ஸ்டாட்டிக் ரூட் சேருங்கள். அதன்பின் கிளையில் வி.பி.என். என்று ஒரு புதிய ஸோனை மாஸ்கரேட் இல்லாமல் உருவாக்கி, வயர்கார்டு இன்டர்ஃபேஸை அதற்கு மாற்றி, லேனிலிருந்து வி.பி.என்.னுக்கும் வி.பி.என்.னிலிருந்து லேனுக்கும் ஃபார்வர்டு செய்ய அனுமதி கொடுங்கள். வரிசையை மாற்றிச் செய்தால், ரூட் இல்லாத நிலையில் மாஸ்கரேட்டும் போய்விடும். இப்போது வேலை செய்யும் திசையும் அறுந்துவிடும்.

தலைமையில் ரூட்டர்ஓஎஸ்ஸின் இயல்பான ஃபயர்வால் விதிகளையே வைத்திருக்கிறீர்கள் என்றால், டனல் வழியாக வந்து உள் நெட்வொர்க்குக்குப் போகும் பாக்கெட்டுகளை அவை தடுக்காது. ஆனால் ரூட்டரையே நோக்கி வருபவை, லேன் பட்டியலில் இல்லாத இன்டர்ஃபேஸிலிருந்து வந்தால் தடுக்கப்படும். பிங்குக்கு மட்டும் விலக்கு உண்டு. கிளைக் கணினிகள் தலைமை ரூட்டரை, பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சர்வராகப் பயன்படுத்த வேண்டியிருந்தால், அந்த இன்டர்ஃபேஸிலிருந்து 53ஆம் போர்ட்டுக்கு வரும் கேள்விகளை ஏற்கும் விதியை இன்புட் சங்கிலியில் தனியாகச் சேர்த்துவிடுங்கள்.

இரவுக்குப் பின் ஏற்படும் தொல்லைக்குக் காரணம் கிளையின் வெளி முகவரி. 100.64.0.0/10 என்பது சேவையாளர்கள் பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்தளிப்பதற்காக 2012இல் ஒதுக்கப்பட்ட தொகுதி. உங்கள் 100.72 அதற்குள் அடங்குகிறது. எனவே கிளை ரூட்டருக்கு வெளியிலிருந்து யாரும் முதல் பாக்கெட்டை அனுப்ப முடியாது. கிளைதான் எப்போதும் தொடங்க வேண்டும். சிறிது நேரம் போக்குவரத்து இல்லாவிட்டால் சேவையாளரின் நேட் அட்டவணையில் உங்கள் பதிவு அழிந்துவிடும். கிளையின் பியர் அமைப்பில் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் (இணைப்பை உயிர்ப்புடன் வைக்கக் குறித்த இடைவெளியில் அனுப்பும் சிறு பாக்கெட்) என்பதை 25 விநாடி என்று வையுங்கள். தலைமையில் அது தேவையில்லை. தலைமையில் கிளைக்கான எண்ட்பாயிண்டையும் (எதிர்முனையின் வெளி முகவரியும் போர்ட்டும்) காலியாக விட்டுவிடலாம், வயர்கார்டு வந்த பாக்கெட்டைப் பார்த்து அதைக் கற்றுக்கொள்ளும்.

பதில்: எளியவழி

மேலே சொன்ன விளக்கம் சரிதான். ஆனால் ரூட், ஸோன் என்று இவ்வளவு மாற்றுவதற்குப் பதிலாக, தலைமையிலும் டனலை நோக்கிப் போகும் பாக்கெட்டுகளுக்கு மாஸ்கரேட் போட்டுவிட்டால் இரு பக்கமும் டனல் முகவரியிலேயே பேசிக்கொள்ளுமே. கிளையில் தேவைப்படும் ஒன்றிரண்டு கருவிகளுக்கு மட்டும் போர்ட் ஃபார்வர்டு (ஒரு போர்ட்டுக்கு வருவதை உள்ளே ஒரு கருவிக்குத் திருப்புவது) கொடுத்தால் போதாதா? சிறிய அலுவலகங்களுக்கு அதுவே எளிதாக இருக்கும் என்பது என் கருத்து.

பதில்: பாக்கெட்தடம்

உங்கள் கருத்தை மதிக்கிறேன் ஐயா. ஆனாலும் இதில் உடன்பட இயலவில்லை. கேள்வி கேட்டவரின் தேவை, இரு பக்கத்துக் கருவிகளும் சொந்த முகவரியில் அணுகப்பட வேண்டும் என்பது. போர்ட் ஃபார்வர்டில் ஒரு போர்ட் எண்ணை ஒரு கருவிக்குத்தான் தர முடியும். கிளையில் இரண்டு பிரிண்டர்கள் 9100ஆம் போர்ட்டில் காத்திருந்தால், அவற்றில் ஒன்றுக்கு வேறு எண்ணைக் கற்பித்து, அதை ஒவ்வொரு கணினியிலும் நினைவில் வைத்து மாற்ற வேண்டிவரும். அதைவிடப் பெரிய குறை, சர்வரின் பதிவேட்டில் எந்தக் கணினி எந்தக் கோப்பை அழித்தது என்று பிரித்தறிய வழியில்லாமல் போவது. ஒரு குறிப்பிட்ட கணினிக்கு மட்டும் அனுமதி மறுக்க வேண்டுமென்றாலும், தலைமை ஃபயர்வால் அந்தக் கணினியைத் தனியாகப் பார்ப்பதே இல்லை. ஒரு ஸ்டாட்டிக் ரூட் எழுதுவதற்குச் சோம்பல்பட்டு இவ்வளவையும் இழக்க வேண்டியதில்லை.

மாஸ்கரேட்டுக்கு நியாயமான இடம் ஒன்று உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேட்வே முகவரியை எழுதவே இடமில்லாத பழைய கருவிகள் சில இருக்கின்றன. அவை தம் சப்நெட்டுக்கு வெளியே மறுமொழி அனுப்ப அறியாதவை. அத்தகைய ஒரு கருவிக்கு மட்டும், அதை நோக்கிப் போகும் பாக்கெட்டுகளின் மூல முகவரியைக் கிளை ரூட்டரின் லேன் முகவரியாக மாற்றும் விதியை எழுதலாம். விதி அந்த ஒரு கருவியோடு நின்றுவிட வேண்டும்.

பதில்: அளவுகோல்

பெரிய கோப்பு நின்றுபோவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பிங் போகிறது, கோப்புறை திறக்கிறது, பெரிய நகல் மட்டும் உறைந்துவிடுகிறது என்றால் எம்.டி.யு. (ஒரே பாக்கெட்டில் போகக்கூடிய அதிகபட்ச அளவு) பக்கம் பார்ப்பதே முறை. சிறிய பாக்கெட்டுகள் கடந்துபோகின்றன, முழு அளவுப் பாக்கெட்டுகள் வழியில் மறைகின்றன என்பதற்கான அடையாளம் அது.

வயர்கார்டு ஒவ்வொரு பாக்கெட்டின் மீதும் தன் தலைப்பையும் சரிபார்ப்புக் குறியையுமாக 32 பைட்டுகளைச் சேர்க்கிறது, அதைச் சுமந்துசெல்லும் யு.டி.பி. நெறிமுறையின் தலைப்புக்கு 8, வெளி ஐ.பி. தலைப்பு நான்காம் பதிப்பானால் 20, ஆறாம் பதிப்பானால் 40. ஆக மொத்தம் 60 அல்லது 80 பைட்டுகள். 1500இலிருந்து 80ஐக் கழித்துத்தான் 1420 என்ற இயல்பு மதிப்பு வருகிறது. தலைமையின் பி.பி.பி.ஓ.ஈ. இணைப்பில் 1492 பைட்டுகள்வரை போகும். உங்கள் டனல் வெளியே ஐ.பி. நான்காம் பதிப்பில் ஓடுகிறது என்றால் 1420உம் 60உம் சேர்ந்து 1480 ஆகிறது. அது அங்கே தாராளமாக அடங்கும். எனவே ஐயம் கிளையின் 4ஜி இணைப்பின் மீதுதான். மொபைல் நெட்வொர்க்குகள் பலவற்றில் பாதை அளவு 1500ஐவிடக் குறைவு. அளவு மீறிய யு.டி.பி. பாக்கெட்டுகள் துண்டாக்கப்பட்டு, அந்தத் துண்டுகளை இடையில் உள்ள ஏதோ ஒரு கருவி கைவிட்டுவிட்டால், அதைப் பற்றிய செய்தி அனுப்பிய கணினிக்கு வந்து சேராது. கணினி மீண்டும் மீண்டும் அதே அளவில் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். கிளைக் கணினி ஒன்றிலிருந்து தலைமையின் பொது முகவரிக்கு, அதாவது டனலுக்கு வெளியே, துண்டாக்கக் கூடாது என்ற குறியுடன் பிங் அனுப்புங்கள். தரவின் அளவை 1472இலிருந்து படிப்படியாகக் குறைத்து, மறுமொழி வரும் மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடியுங்கள். அதனுடன் தலைப்புகளுக்கான 28ஐக் கூட்டினால் பாதையின் எம்.டி.யு. கிடைக்கும். எடுத்துக்காட்டாக 1400 வரை போகிறது என்றால் பாதை 1428; அதிலிருந்து 60ஐக் கழித்து, வயர்கார்டு இன்டர்ஃபேஸின் எம்.டி.யு.வை 1368 என்று இரு ரூட்டர்களிலும் வைக்க வேண்டும். பிற்காலத்தில் வெளி இணைப்பு ஆறாம் பதிப்புக்கு மாறக்கூடும் என்றால் 80ஐக் கழித்து 1348 என்று வைத்துவிடுவது நல்லது. சில பைட்டுகளைக் கூடுதலாக விட்டுக்கொடுப்பதால் வேகத்தில் உணரத்தக்க இழப்பு இல்லை.

அடுத்தது எம்.எஸ்.எஸ். கட்டுப்பாடு. டி.சி.பி. இணைப்பு தொடங்கும்போதே இரு முனைகளும் தாம் ஏற்கும் பெரிய அளவைச் சொல்லிக்கொள்கின்றன. ரூட்டர் அந்த எண்ணைத் தன் இன்டர்ஃபேஸுக்குப் பொருந்துமாறு குறைத்து எழுதிவிட்டால் பெரிய பாக்கெட்டே உருவாகாது. ஐ.பி., டி.சி.பி. தலைப்புகளுக்கான 40 போக, 1368 எம்.டி.யு.வுக்கு அந்த எண் 1328. ஓப்பன்டபிள்யூஆர்டியில் வேன் ஸோனில் இந்தத் தேர்வு இயல்பாகவே இயக்கப்பட்டிருக்கும். மேலே நண்பர் சொன்னபடி புதிய ஸோன் உருவாக்கும்போது அதிலும் இயக்க மறந்துவிடாதீர்கள். ரூட்டர்ஓஎஸ்ஸில் மேங்கிள் பகுதியில் டி.சி.பி. தொடக்கப் பாக்கெட்டுகளுக்கு எம்.எஸ்.எஸ்.ஸை மாற்றும் விதியாக எழுத வேண்டும். இப்போதும் வேன் ஸோனில் அது இயங்கித்தானே இருக்கிறது, ஏன் பயன் தரவில்லை என்று கேட்கலாம். இன்டர்ஃபேஸ் 1420 என்று சொல்லும்வரை ரூட்டர் 1380க்குத்தான் குறைக்கும். உண்மையான பாதை அதைவிடச் சிறியதாக இருந்தால் அந்தக் குறைப்பால் பயனில்லை. ஆகவே முதலில் எம்.டி.யு.வைச் சரியாக வையுங்கள்.

மறுமொழி: கிளைவலை

அனைவருக்கும் உளமார்ந்த நன்றி. ட்ரேஸ்ரூட்டின் இரண்டாம் வரியில் சேவையாளரின் முகவரிதான் வந்தது. தலைமையில் ரூட்டைச் சேர்த்து, பிறகு கிளையில் தனி ஸோன் அமைத்தேன். இப்போது தலைமையிலிருந்து கிளைப் பிரிண்டர்கள் திறக்கின்றன. சர்வர் பதிவேட்டில் கிளைக் கணினிகள் 192.168.20 என்று தொடங்கும் சொந்த முகவரிகளுடன் தெரிகின்றன. அளந்து பார்த்ததில் 1400 என்ற எண்ணே கிடைத்தது. 1368 வைத்த பிறகு பெரிய கோப்புகள் நிற்காமல் முழுமையாக வந்து சேர்கின்றன. கீப்அலைவ் இட்டபின் காலைத் தொல்லையும் இல்லை.

மீதி இருப்பவை மூன்று. கிளையில் பிரிண்டர்கள் பிங்குக்கு மறுமொழி தருகின்றன. விண்டோஸ் கணினிகள் தருவதில்லை, அவற்றில் பகிர்ந்த கோப்புறைகளும் திறப்பதில்லை. இரண்டாவதாக, கிளையில் மின்சாரம் போய்த் திரும்பினால், இணையம் வந்த பிறகும் ஹேண்ட்ஷேக் நடக்காமல் நீண்ட நேரம் கிடக்கிறது. பிறகு தானாகச் சரியாகிறது. கிளை ரூட்டரின் டி.என்.எஸ்.ஸாகத் தலைமை ரூட்டரைக் கொடுத்திருக்கிறேன் என்பதையும் குறிப்பிட வேண்டும். மூன்றாவதாக, அடுத்த கட்டமாக ஒரு கிடங்கையும் இணைக்கச் சொல்கிறார்கள். அங்குள்ள ரூட்டரில் ஐபிசெக் என்ற வேறு வகை வி.பி.என். மட்டுமே உண்டு. அதன் உள் நெட்வொர்க்கும் 192.168.10.0/24தான். அதற்கு நிலையான பொது முகவரி இருக்கிறது.

பதில்: பாக்கெட்தடம்

விண்டோஸ் கணினிகள் மௌனமாக இருப்பதற்கு டனல் காரணமல்ல. விண்டோஸ் ஃபயர்வாலில் பிங்குக்கும் கோப்புப் பகிர்வுக்குமான விதிகள், பிரைவேட் நெட்வொர்க்கில் இயல்பாக உள்ளூர் சப்நெட்டிலிருந்து வருபவற்றை மட்டுமே ஏற்கும். 192.168.10.23 அதற்கு அயல் முகவரி. அந்த விதிகளின் ஸ்கோப் பகுதியில் தொலை முகவரிகளுடன் 192.168.10.0/24ஐயும் சேர்த்தால் போதும். ஃபயர்வாலையே அணைத்துவிடுங்கள் என்று யாரேனும் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். கடந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பைக் கிளை ரூட்டரில் நிறுவி, லேன் பக்கத்து இன்டர்ஃபேஸில் பார்த்தால் இது கண்ணெதிரே தெரியும்: 192.168.10.23இலிருந்து 192.168.20.15க்கு எக்கோ கோரிக்கை என்ற வரி விநாடிக்கு ஒன்றாக வந்துகொண்டிருக்கும். மறுமொழி வரி ஒன்றுகூட இருக்காது. கோரிக்கை லேனுக்குள் இறங்கிவிட்டது என்றால் ரூட்டர்கள் தம் வேலையைச் செய்துவிட்டன. தேட வேண்டிய இடம் அந்தக் கணினிதான். கோரிக்கை டனல் இன்டர்ஃபேஸில் தெரிந்து லேனில் தெரியாவிட்டால் கிளை ஃபயர்வாலைப் பாருங்கள்; டனலிலேயே தெரியாவிட்டால் தலைமைக்குத் திரும்புங்கள்.

எதிர்ப்பக்கத்துப் பிரிண்டர்களும் கணினிகளும் தேடல் பட்டியலில் தானாகத் தோன்றாது என்பதையும் பயனாளர்களிடம் சொல்லி வையுங்கள். அந்த அறிவிப்புகள் பிராட்காஸ்ட், மல்ட்டிகாஸ்ட் வகையைச் சேர்ந்தவை, ரூட்டரைத் தாண்டுவதில்லை. முகவரியையோ டி.என்.எஸ். பெயரையோ கொடுத்துத்தான் சேர்க்க வேண்டும்.

மின்தடைக்குப் பிறகான சிக்கல் நுட்பமானது. வயர்கார்டு ஹேண்ட்ஷேக்கின் முதல் செய்திக்குள் நேரமுத்திரை ஒன்று இருக்கிறது. ஒரு பியரிடமிருந்து கடைசியாக ஏற்ற முத்திரையைவிடப் பழைய முத்திரையுடன் வரும் செய்தியை எதிர்முனை ஏற்காது. பழைய செய்தியைப் பிடித்து வைத்து யாரும் மீண்டும் அனுப்பிவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. சிறிய ரூட்டர்கள் பலவற்றில் மின்கலத்துடன் கூடிய கடிகாரம் இல்லை. மின்சாரம் திரும்பியதும் அவை பழைய ஏதோ ஒரு நேரத்திலிருந்து எண்ணத் தொடங்குகின்றன. என்.டி.பி. மூலம் சரியான நேரம் கிடைக்கும்வரை தலைமை அவற்றின் ஹேண்ட்ஷேக்கை ஓசையின்றி நிராகரிக்கும். உங்கள் அமைப்பில் என்.டி.பி. சர்வரின் பெயரைக் கண்டறியவே டனலுக்கு அப்பால் உள்ள டி.என்.எஸ். தேவைப்படுகிறது. நேரம் இல்லாமல் டனல் எழாது, டனல் இல்லாமல் நேரம் கிடைக்காது.

எனவே கிளை ரூட்டர் தன் சொந்தத் தேவைக்குச் சேவையாளரின் டி.என்.எஸ்.ஸையோ வேறு பொது டி.என்.எஸ்.ஸையோ நேரடியாகப் பயன்படுத்தட்டும். உங்கள் உள் டொமைனுக்கான கேள்விகளை மட்டும் தலைமைக்கு அனுப்புமாறு ஓப்பன்டபிள்யூஆர்டியின் டிஎன்எஸ்மாஸ்க் அமைப்பில் எழுதலாம். டனல் அறுந்திருக்கும் வேளையிலும் கிளையின் இணையம் தடைப்படாது என்பது இதன் கூடுதல் பயன்.

பதில்: பழையபாலம்

கிடங்கைப் பற்றி நான் எழுதுகிறேன். ஐபிசெக் இணைப்பைத் தொடங்கும் முன்பே முகவரி மோதலைத் தீர்த்தாக வேண்டும். கிடங்கில் உள்ள ஒரு கணினிக்கு 192.168.10.5 என்பது தன் பக்கத்து மேசையில் இருக்கும் கருவி; அது பாக்கெட்டை ரூட்டரிடம் கொடுக்கவே கொடுக்காது. கிடங்கை 192.168.30.0/24க்கு மாற்றிவிடுங்கள் என்பதே என் உறுதியான பரிந்துரை. முந்தைய நாளே, முகவரிகளைத் தானாக வழங்கும் டி.எச்.சி.பி.யின் குத்தகைக் காலத்தைச் சில நிமிடங்களாகக் குறைத்து வைத்தால், மாற்றும் வேளையில் பெரும்பாலான கருவிகள் தாமாகவே புதிய முகவரிக்கு வந்துவிடும். கையால் முகவரி எழுதப்பட்ட கேமராப் பதிவுப் பெட்டி, பிரிண்டர், வருகைப் பதிவுக் கருவி ஆகியவற்றைப் பட்டியலிட்டு நேரில் மாற்றுங்கள். மாற்றும்போது கேட்வே முகவரியும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பலர் விட்டுவிடும் இடம் அதுதான்.

மாற்றவே முடியாது என்ற நிலையில் ஒன்றுக்கு ஒன்று நேட் செய்யலாம். ஆனால் கிடங்கு 192.168.30.0/24 என்று தலைமைக்குத் தெரிந்தால் மட்டும் போதாது; தலைமையும் கிடங்குக்கு வேறொரு தொகுதியாக, 192.168.110.0/24 என்பதுபோலத் தெரிய வேண்டும். இரு பக்கமும் பொய் முகவரிகளைப் பராமரிப்பது நாளடைவில் பெரும் சுமை.

ஐபிசெக்கில் சாவிப் பரிமாற்ற நெறிமுறையான ஐகேஇயின் இரண்டாம் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். குறியாக்கத்துக்கு ஏ.இ.எஸ். 256, ஹாஷுக்கு ஷா 256, சாவிப் பரிமாற்றத்துக்கு டிஃபி ஹெல்மன் தொகுதி 14 அல்லது 19 என்று இரு பக்கமும் ஒரே மாதிரி எழுதுங்கள். 3டிஇஎஸ், எம்டி5, 1024 பிட் கொண்ட தொகுதி 2 ஆகியவை ரூட்டரின் பட்டியலில் இருந்தாலும் தொடாதீர்கள். பகிர்ந்த சாவி நீண்ட, தற்செயலாக உருவாக்கிய எழுத்துத் தொடராக இருக்கட்டும். ஃபயர்வாலில் யு.டி.பி. 500, 4500 ஆகியவற்றையும், இடையில் நேட் இல்லாதபோது குறியாக்கிய தரவை நேரடியாகச் சுமக்கும் ஈ.எஸ்.பி.யையும் அனுமதிக்க வேண்டும். ஈ.எஸ்.பி. என்பது ஐ.பி. நெறிமுறை எண் 50. அதைப் போர்ட் எண்ணாக எண்ணி 50ஆம் போர்ட்டைத் திறப்பதால் பயனில்லை.

பதிவேட்டில் நோ ப்ரொபோசல் சோஸன் என்று வந்தால் குறியாக்கத் தேர்வுகள் பொருந்தவில்லை என்று பொருள். டிஎஸ் அன்அக்செப்டபிள் என்று வந்தால் இரு பக்கமும் எழுதிய சப்நெட்டுகள் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இல்லை. இவற்றைவிடக் கண்டுபிடிக்கக் கடினமான கோளாறு ஒன்று உண்டு. ஒரு பக்கம் பி.எஃப்.எஸ். (சாவியைப் புதுப்பிக்கும்போது புதிதாகச் சாவிப் பரிமாற்றம் செய்யும் தேர்வு) இயங்கி மறுபக்கம் இல்லாவிட்டாலும் ஐகேஇ இரண்டாம் பதிப்பில் டனல் முதலில் நன்றாகவே எழும். ஏனென்றால் முதல் தரவுச் சாவி, ஏற்கெனவே நடந்த பரிமாற்றத்திலிருந்தே உருவாகிறது. ஆயுட்காலம் முடிந்து சாவியைப் புதுப்பிக்கும்போதுதான் பொருத்தமின்மை வெளிப்படும். சரியாக ஒரே இடைவெளியில் இணைப்பு அறுகிறது என்றால் இணைய இணைப்பைக் குறை சொல்வதற்கு முன் பி.எஃப்.எஸ். தொகுதியை இரு பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

தலைமையின் மைக்ரோடிக்கில் கவனிக்க வேண்டியவை இரண்டு. வயர்கார்டுக்கு இன்டர்ஃபேஸ் இருப்பதுபோல, பாலிசி (எந்தப் போக்குவரத்தைக் குறியாக்குவது என்ற விதி) அடிப்படையிலான ஐபிசெக்குக்கு இன்டர்ஃபேஸ் கிடையாது. பாக்கெட் வேன் வழியாக வெளியேறும் தறுவாயில்தான் பாலிசியுடன் ஒப்பிடப்படுகிறது. அதற்குள் மாஸ்கரேட் மூல முகவரியை மாற்றிவிட்டால் பாலிசி பொருந்தாது. எனவே 192.168.10.0/24இலிருந்து 192.168.30.0/24க்குப் போகும் பாக்கெட்டுகளை நேட் செய்யாமல் விடும் விதி, மாஸ்கரேட் விதிக்கு மேலே இருக்க வேண்டும். பாக்கெட்டுகளைக் குறுக்குவழியில் வேகமாக அனுப்பும் ஃபாஸ்ட்டிராக்கும் ஐபிசெக்கைத் தாண்டிச் சென்றுவிடும் என்பதால், ஐபிசெக் போக்குவரத்தை ஏற்கும் விதிகள் அதற்கு முன் வர வேண்டும். அண்மைக்கால ரூட்டர்ஓஎஸ்ஸின் இயல்பு அமைப்பில் இவ்விரண்டும் கவனிக்கப்பட்டிருக்கும். கையால் எழுதிய பழைய விதித்தொகுப்பு என்றால் ஒருமுறை படித்துப் பாருங்கள். சோதிக்கும்போது ரூட்டரிலிருந்தே பிங் செய்வதானால் மூல முகவரியாக 192.168.10.1ஐக் குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் அது பொது முகவரியிலிருந்து கிளம்பி, பாலிசியில் படாமல் தோற்றுப்போகும். நல்ல டனலையும் பழுது என்று நினைக்க நேரிடும்.

மறுமொழி: கிளைவலை

மிகவும் நன்றி ஐயா. கிடங்கின் முகவரியை 192.168.30.0/24க்கு மாற்ற நிர்வாகம் ஒப்புக்கொண்டுள்ளது. ஒரே ஒரு ஐயம்: கிளையிலிருந்தும் கிடங்கை அணுக வேண்டும் என்கிறார்கள். கிளைக்கும் கிடங்குக்கும் நேரடி டனல் வேண்டுமா, தலைமை வழியாகவே அனுப்பலாமா?

பதில்: பழையபாலம்

தலைமை வழியாகவே அனுப்பலாம். கிடங்கு ரூட்டரில் வயர்கார்டு இல்லாத நிலையில் அதுவே எளிது. கிளை ரூட்டரில் தலைமைக்கான பியரின் அனுமதித்த முகவரிகளில் 192.168.30.0/24ஐச் சேருங்கள், ரூட் தானாக வந்துவிடும். அதைச் சேர்க்காவிட்டால் கிடங்கிலிருந்து வரும் பாக்கெட்டுகளையும் கிளையின் வயர்கார்டு ஏற்காது. பிறகு தலைமையிலும் கிடங்கிலும் 192.168.20.0/24, 192.168.30.0/24 என்ற இணைக்கு இரண்டாவது ஐபிசெக் பாலிசி எழுதுங்கள். ஒரே பியருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பாலிசிகள் இருப்பதால் மைக்ரோடிக்கில் அவற்றின் லெவலை யூனிக் என்று வைக்க வேண்டும். நேட் விலக்கு விதியும் இந்த இணைக்குத் தனியாக வேண்டும். தலைமையின் ஃபார்வர்டு சங்கிலியில் வயர்கார்டிலிருந்து 192.168.30.0/24க்கும், அங்கிருந்து திரும்பவும் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கிளைக் கணினி ஒன்றிலிருந்து 192.168.30.1ஐப் பிங் செய்து தொடங்குங்கள்.